துண்டுக்குள் பொங்கியண்ணன் கை

துண்டைப் போட்டாயிற்று. என் வலது கை உள்ளே, அவன் வலது கை உள்ளே, மேலே என்னுடைய பச்சைக்கரைத் துண்டு, சுற்றிலும் சந்தை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பொங்கியண்ணனின் கையைத் தொடுகிறேன், ஆனாலும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது, துண்டுக்குள் கை போய்விட்டால் முகம் செத்தவன் முகமாக இருக்க வேண்டும், மாட்டுத் தரகில் முதல் பாடம் அதுதான். விற்கிறவர் பக்கம் ஒரு தரகன், வாங்குகிறவர் பக்கம் ஒரு தரகன், எந்த விரலைப் பிடிக்கிறோம், எந்தக் கணுவில் அழுத்துகிறோம் என்பதுதான் விலை, சுற்றி நிற்கிற யாவாரிகளில் எவனாவது நம் புருவத்தைப் பார்த்து விலையைப் படித்துவிட்டால் அப்புறம் துண்டு எதற்கு, மூஞ்சி துடைக்கவா. விலை படிந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் படிந்ததுதான் உறுத்துகிறது. பழைய பொங்கியண்ணன் என்றால் ஆயிரம் பிடி பிடிப்பான், நகத்தால் கிள்ளுவான், உள்ளங்கையில் சொறிந்து சிரிக்க வைக்கப் பார்ப்பான், எதிராளி சிரித்தால் அவன் விலை இறங்கும் என்பான். இன்றைக்கு நான் பிடித்த விரலை அப்படியே ஒப்புக்கொண்டான், கை வாழைத்தண்டு மாதிரி சில்லென்று கிடக்கிறது. இனி ஒன்றுதான் மிச்சம். எங்கள் சந்தையில் விலை படிந்த பிறகு குறை கேட்க வேண்டும். வாங்குகிற பக்கத்துத் தரகன் கேட்பான், விற்கிற பக்கத்துத் தரகன் சொல்வான், அதுவும் கை துண்டுக்குள் இருக்கும்போதே காதோடு காதாக நடக்கும், வெளியே கேட்டால் மாட்டின் பேர் கெட்டுப்போகும், அது முடிந்தால்தான் கயிறு கை மாறும். இன்னும் அவன் கேட்கவில்லை. கேள்டா. வாயைத் திறந்து கேள். நான் பதிலை நாக்கில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

என் முதுகுக்குப் பின்னால் மாட்டை விற்க வந்த சாமியாத்தாள் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் அந்தச் செவலைப் பசு, கொம்பு அழகு, வால் அழகு, மடி குடம் போல, பார்க்கிறவன் எவனும் வாங்கிவிடுவான். வண்டியிலிருந்து இறக்கின உடனே அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், "அண்ணா, உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங், நம்பிச் சொல்றனுங், இது தன்ற மடியில தானே வாய் வெச்சு உறிஞ்சிப் போடுமுங், தலை மடிக்குத் திரும்பாம கழுத்துல கட்டை கட்டித்தான் வெச்சிருந்தேன், சந்தைக்குன்னு கழட்டியாந்தேன்." எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவளைத் திட்டினேன், "ஏன் அம்மிணி, இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமல்லோ, எனக்கும் தெரியாம இருந்திருக்கும், நானும் வாய் கூசாமச் சத்தியம் பண்ணியிருப்பேன்." அவள் சொன்னாள், "சொல்லாம இருந்தா அப்பறம் உங்க மூஞ்சில முழிக்கறது எப்படீங்." பார், இதை ஒரு பொம்பளை சொல்கிறாள். கட்டை உராய்ந்து மயிர் போன தடம் கழுத்தில் இருக்கிறது, மஞ்சளைக் குழைத்துப் பூசி, மேலே மணியைக் கட்டி மறைத்திருக்கிறாள், ஆனால் கண்ணுள்ள தரகனுக்கு அது போதும், பத்தடி தூரத்தில் கண்டுபிடித்துவிடுவான். பொங்கியண்ணன் கண்டுபிடிக்கவில்லை. மாட்டைச் சுற்றி ஒரு சுற்று வந்தான், முதுகைத் தடவினான், சரி என்றான். ஊரில் ஒரு மாட்டின் குளம்பைப் பார்த்து அதற்கு முந்தின சொந்தக்காரன் எந்த மண்ணில் உழுதான் என்று சொல்கிற ஆள், மஞ்சளுக்குள் இருக்கிற தழும்பைப் பார்க்கவில்லை. அவனை அழைத்து வந்த மயிலானந்தம் புதிதாகப் பால் பண்ணை வைத்திருக்கிற ஆள், மேல்சட்டைப் பையில் இரண்டு போன், ஒரு தப்பு நடந்தால் ஜென்மத்துக்கும் மறக்காத ஜாதி. இந்தப் பசு நாளைக்குக் காலையில் அவன் பண்ணையில் தன் பாலைத் தானே குடித்துவிட்டு நிற்கும்போது அவன் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான். என் வீட்டையா. நான் யார் அவனுக்கு. நினைக்க நினைக்க இனிக்கிறது, கரும்புச் சக்கையை மென்றுகொண்டே இருக்கிற மாதிரி, சாறு போன பிறகும் துப்ப மனசில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கையும் என் கையும் ஒரே கை. இரண்டு பேரும் ஒரே வண்டி, ஒரே பொட்டலத்துச் சோறு, அவன் துண்டுக்குள் போவான், நான் மாட்டை ஓட்டுவேன். வடக்கே ஒரு சந்தையில் ஒரு ஜோடி காளை வாங்கினோம், விற்றவன் கையைத் துண்டுக்குள் பிடித்தது பொங்கியண்ணன், முகத்தோடு முகம் பேசினதும் பொங்கியண்ணன், நான் தள்ளி நின்று காளைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வருகிற வழியில் அவன் சொந்தக்காரர் வீடு என்று இறங்கிக்கொண்டான், நான் மட்டும் வண்டியில் வந்தேன், வழியில் போலீஸ் மறித்தது, காளைகள் திருட்டுக் காளைகள். யாரிடம் வாங்கினாய் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தால்தானே சொல்வேன். பொங்கியண்ணனைக் கூப்பிடுங்கள் சார், அவன் சொல்வான் என்றேன். எத்தனை தைரியமாகச் சொன்னேன், அடி விழுகிற ஒவ்வொரு தடவையும் அவன் வருவான், அவன் வருவான் என்றுதான் கத்தினேன், ஒரு ஏட்டு சிரித்தார், "யாருடா அது, உன்ற குலதெய்வமா?" வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். நான் ஜட்டியோடு ஸ்டேஷன் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துச் சொன்னான், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங் சார். இவனை நானும் நம்பித்தான் இருந்தேன்." அவ்வளவுதான். வாசற்படியில் அவன் செருப்புச் சத்தம் இறங்கிப் போகிறது, ஒரு படி கூடத் தடுக்கவில்லை. தெரியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் பயந்துவிட்டான் என்று விட்டிருப்பேன், எனக்கும் பயம் தெரியும், பயந்தவனை மன்னிக்கலாம். அந்த இரண்டாவது பேச்சு எதற்கு. நம்பினவன் நான், அடி வாங்கினவன் நான், அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போனவன் அவன். உண்மைத் திருடன் பிற்பாடு அகப்பட்டான், கேஸ் போய்விட்டது, ஆனால் சந்தையில் பேர் ஒட்டிக்கொண்டது, திருட்டு மாட்டுச் சென்னியப்பன், இன்றைக்கும் பின்னால் கேட்கும், என் மகளைப் பார்க்க வந்தவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள், அந்த டம்ளரில் பாதிக் காப்பி ஏடு கட்டிக் கிடந்தது, அதை நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுவேன். பள்ளிக்கூடம் எனக்கு வாய்க்கவில்லை, லாரி முதுகிலும் கடை போர்டிலும் எழுத்துக் கூட்டிப் படித்தவன், அதனாலேயே ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கல் மாதிரி கனமாக இருக்கும், படித்தவர்கள் தவிடு மாதிரி ஊதிவிட்டுப் போகிறார்கள். நம்பிக்கை என்று ஒரு நகைக் கடை வைத்திருக்கிறார்கள். தன்னம்பிக்கை என்று மாடியில் டியூஷன் நடக்கிறது. டிவியில் நம்பிக்கை இல்லாத் தீர்மானம் என்கிறான், அது இல்லை என்பதற்கு ஒரு கூட்டம் போட்டுக் கை தூக்குகிறார்கள், என் விஷயத்தில் ஒருத்தன் ஒரே நிமிஷத்தில் முடித்துவிட்டான். அப்புறம் விசுவாசம் இருக்கிறது, அது வேறு சரக்கு, அது நாய்க்கும் மாட்டுக்கும் உள்ளது, தீனி வைத்த கையை நக்குகிறது, தீனி வைக்காத நாளிலும் நக்குகிறது, அங்கே கேள்வி இல்லை, மனுஷனிடம் விசுவாசம் கேட்கிறவன் எசமானன், நாங்கள் எசமானனும் ஆளுமா, இல்லையே. நாணயம் என்றால் கொடுக்கல் வாங்கலில் சுத்தம், பொங்கியண்ணன் நாணயஸ்தன்தான், என் பங்கில் ஒரு பைசா தொட்டதில்லை, நாணயமான ஆளே என்னைக் கொன்றான், அப்படியானால் நாணயத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் நான் விழுந்தேன். உத்தரவாதம் கிணற்று மோட்டாருக்குக் கொடுப்பது, கெட்டால் மாற்றித் தருவான், அந்த ஸ்டேஷன் வராந்தாவை எவன் மாற்றித் தருவான். ஜாமீன் என்பது இன்னொருத்தன் வந்து உனக்குப் பதில் நிற்பது, எனக்கு நின்றது என் மச்சினன், அவனை நான் ஒருநாளும் பெரிதாக நம்பினதில்லை, நின்றான். பழக்கம். ஒருவேளை அது வெறும் பழக்கமோ. தினமும் காலை வைக்கிற இடத்தில் இருட்டிலும் காலை வைக்கிறோம், அங்கே படி இருக்கும் என்று யோசித்தா வைக்கிறோம், அது நம்பிக்கையா பழக்கமா, படியை எடுத்துவிட்டால்தான் பேர் வைக்கத் தோன்றுகிறது. நம்பினவன் நம்பும்போது நம்புகிறேன் என்று சொல்கிறானா. நான் ஒரு நாளும் பொங்கியண்ணனிடம் உன்னை நம்புகிறேன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். அந்த வார்த்தையை வாயில் போட்டு மெல்லுகிறவன் எல்லாம் அது தீர்ந்த பிறகு மெல்லுகிறவன், நான் உட்பட, ஐயோ, நான் உட்பட.

அவன் விரல் அசைகிறது. கேட்கப் போகிறான். குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான், வெற்றிலையும் மருந்தும் கலந்த வாசம், "சென்னி," என்கிறான், அந்தப் பேரைச் சொல்கிற வாய், "சென்னி, என்ற கண்ணு ரெண்டும் பால் பூத்துப் போச்சுடா. மாடு செவலையா கருப்பான்னே எனக்குச் சரியாத் தெரியல. மயிலானந்தத்துக்குத் தெரிஞ்சா இன்னையோட என்னைக் கழட்டி உட்டுருவான், எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு யாவாரிதான். நான் மாட்டைப் பாக்கலடா, உன்ற கையைத்தான் பாக்கறேன். குறை இருந்தா என்ற சுண்டு விரலைப் புடி, போதும், நான் பதமாச் சொல்லிக் கழண்டுக்கறேன். இல்லீன்னா விட்டுரு." பேச்சு முடிந்தது. என்னால் அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தேன், இரண்டு கண்ணிலும் கருமணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் படலம், அது என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நான் பிடித்த பிடியிலேயே படிந்தது. அதனால்தான் தழும்பு தெரியவில்லை. என்னடா தைரியம் உனக்கு. அந்த வராந்தாவுக்குப் பிறகு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்காமல், நேராக வந்து உன் பிழைப்பை என் உள்ளங்கையில் வைக்கிறாயே. இதற்குப் பேர் என்ன. இது நம்பிக்கையா, வேறு வழி இல்லாதவன் போக்கா, ஆற்றில் போகிறவன் அகப்பட்ட முள்ளைப் பிடிக்கிறானே, முள்ளை நம்பியா பிடிக்கிறான். அல்லது நான் அவன் செய்ததைச் செய்ய மாட்டேன் என்று இத்தனை வருஷமாகத் தெரிந்து வைத்திருக்கிறானா, அப்படித் தெரிந்து வைத்திருந்தால் அது என்ன அக்கிரமம், என்னை அறைந்தவனுக்கு என்னைப் பற்றி இத்தனை நிச்சயமா.

விட்டுவிட்டால் போதும். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், கையைச் சும்மா வைத்திருந்தால் போதும், பொய் கூடச் சொல்ல வேண்டாம், எத்தனை வசதி. கயிறு கை மாறும், சாமியாத்தாள் காசை முடிந்துகொண்டு பஸ் ஏறுவாள், நாளைக்கு மயிலானந்தம் இரண்டு போனிலும் கத்துவான், கண் தெரியாதவனையா தரகு என்று வைத்திருந்தோம் என்று நாலு பேர் முன்னால் கேட்பான், பொங்கியண்ணன் சொல்வான், சென்னியப்பன் குறை இல்லை என்றான் என்பான், என்னைக் கூப்பிடுவார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி ஏது. எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, அவர் கேட்கவே இல்லைங்க என்பேன், மேஜை இருந்தால் மேஜையைப் பார்த்துச் சொல்வேன், செருப்புச் சத்தத்தோடு இறங்குவேன். இதைத்தான் ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன், மாடு வேறு, இடம் வேறு, ஆனால் படியிறங்குகிறது நான். இப்போது கையில் இருக்கிறது. அப்புறம் ஏன் ஓட மாட்டேன் என்கிறது, எங்கேயோ சக்கரம் கல்லில் ஏறி நிற்கிறது. இதோ இங்கே நிற்கிறது. நான் இறங்கிப் போன பிறகு அவன் என்ன சொல்வான். சந்தை முழுக்கச் சொல்வான், டீக்கடையில் சொல்வான், கண் ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்வான், சென்னியப்பனை நம்பினேன், கழுத்தை அறுத்துவிட்டான். இந்தத் தடவை அது உண்மையாகவும் இருக்கும். அன்றைக்குத் திருடிக்கொண்டு போன வார்த்தையை இன்றைக்கு நானே பட்டா போட்டு அவனுக்குக் கொடுத்துவிடுவேனா. மாட்டேன். அவன் சாகிற வரைக்கும் அந்த வார்த்தையைத் தொடக் கூடாது. அப்படியானால் சுண்டு விரலைப் பிடி. பிடித்தால் என்ன ஆகும், தப்பித்துக்கொள்வான், வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போவான், என் வீட்டில் நான் கொட்டின காப்பிக்கு யார் பதில். கத்திச் சொல்லிவிடலாம். இந்தப் பசு தன் பாலைத் தானே குடிக்கும், இந்த ஆளுக்குக் கண் தெரியாது என்று துண்டை உதறிவிட்டுக் கத்தினால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போவார்கள், அவனும் போவான், என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவளும் போவாள், மூஞ்சியில் முழிக்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னவள், அவள் பசுவை அப்புறம் கறிக்காரன் கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் எவனாவது ஒருத்தன் என் மேல் எதையாவது நம்பி வைத்திருக்கிறான், யார் வைக்கச் சொன்னது, நான் கேட்டேனா.

"என்னுங், ரெண்டு பேரும் துண்டுக்குள்ள தூங்கிட்டீங்களா?" மயிலானந்தம். பின்னால் எவனோ, "பொண்ணு கையப் புடிச்ச மாப்பிள்ளை கூட இத்தனை நேரம் புடிக்க மாட்டானப்பா," என்கிறான், கூட்டம் சிரிக்கிறது, இன்னொருத்தன், "ஒன்பது வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்குது, பேசட்டும் உடு," என்கிறான், அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. எனக்குக் காது சுடுகிறது. பொங்கியண்ணனும் சிரிக்கிறான், வாயால் மட்டும், தொழில் சிரிப்பு, "அவசரப்படாதீங்க மொதலாளி, நல்ல மாடு, நல்ல கை," என்கிறான். நல்ல கையா. நல்ல கை என்றா சொன்னாய். அந்த இரண்டு வார்த்தையில் எனக்குள் ஏதோ தெறித்துவிட்டது, சாந்தமாகச் செய்கிற காரியம் ஒன்றும் என் ரத்தத்தில் இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தவன் கணக்கை விட்டுவிட்டேன், அவன் சுண்டு விரலைப் பிடித்தேன். பிடித்தேன். சொல்லிவிட்டேன். குறை இருக்கிறது, வாங்காதே, ஓடிப்போ. அவனுக்குப் புரிந்துவிட்டது, கை முழுவதும் மூச்சு விட்ட மாதிரி தளர்ந்தது, நிம்மதி, அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, எனக்குக் கிடைக்காத நிம்மதி என் கைக்குள்ளேயே ஒருத்தனுக்குக் கிடைக்கிறது. விடவில்லை. பிடித்த விரலைப் பின்பக்கமாக மடக்கினேன். கணு இறுகியது, இன்னும் மடக்கினேன், அவன் இழுத்துக்கொள்ளலாம், கத்தலாம், கத்தட்டும் என்றுதான் மடக்கினேன், போலீஸ்காரன் முன்னால் நான் கத்தின மாதிரி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இத்தனை பேர் முன்னால். பச்சை முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒன்று. சத்தம் வெளியே வரவில்லை, என் முழங்கை வரைக்கும் கேட்டது.

பொங்கியண்ணன் முகம் செத்த முகமாகவே இருக்கிறது. சாம்பல் கண்ணில் தண்ணீர் நிறைந்து, கன்னத்தில் இறங்குகிறது, அதற்கு வெயில் மேல் பழி போடுகிறவன் மாதிரி தலையை லேசாகத் திருப்பிக்கொண்டான். மயிலானந்தம் பக்கம் பார்த்து, குரலில் ஒரு நூல் கூடப் பிசிறாமல், "படியலீங்க மொதலாளி. வேற பாத்துக்கலாம்," என்றான். "அட, படிஞ்ச மாதிரியல்லோ சிரிச்சீங்க?" "இல்லீங், சென்னி விலையில ரொம்பக் கறாரு. பொழைக்கத் தெரிஞ்சவன்." மயிலானந்தம் சூள் கொட்டிவிட்டு அடுத்த மாட்டுப் பக்கம் நடக்கிறான், கூட்டம் கலைகிறது, சாமியாத்தாள் என் முதுகுக்குப் பின்னால், "என்னாச்சுங்ணா, என்னாச்சுங்," என்கிறாள், படியவில்லை அம்மிணி என்று சொல்ல வேண்டும், அவளுக்கும் நான் இன்றைக்கு என்னவோ செய்துவிட்டேன், அதற்கு அப்புறம் பேர் தேடலாம். இவன் ஏன் கத்தவில்லை. தொழிலா, பயமா, இது கிடைக்கும் என்று தெரிந்தேதான் விரலைச் சொல்லிக் கொடுத்தானா. கை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஒடிந்த விரல் என் கைக்குள் சூடேறி வீங்குகிறது, நாடி அடிப்பது தெரிகிறது, அவனுடையதா என்னுடையதா. இழுத்துக்கொண்டு போகலாம், எவனும் தடுக்கப் போவதில்லை, அவன் இழுத்துக்கொள்ளவில்லை. நகையில்லை, மோட்டார் இல்லை, நாய் இல்லை, நாணயமும் இல்லை, இதை என்ன என்று சொல்வது, நான் கூட்டிப் படித்த எந்த போர்டிலும் இது இல்லை. துண்டை உருவ வேண்டியவன் நான், என் துண்டு. உருவினால் விரல் எல்லோருக்கும் தெரியும். வெயில் ஏறுகிறது, மாடுகள் கத்துகின்றன, உருவாமல் நிற்கிறேன்.